நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் சந்தேகமா? ரத்த மாதிரி ஆய்வகத்தில் என்ன ஆகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் சிலர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வருவார்கள். காகிதத்தில் ஏதோ ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கும். அதன்மேல் விரலை வைத்து, "இது என்னங்க?" என்பார்கள். நோயைச் சொல்லவேண்டியவர் மருத்துவர். ஆனால் அந்தச் சின்னக் குழாய் ரத்தத்தை வைத்து நாங்கள் எதைப் பார்த்தோம், ஏன் மறுபடி ரத்தம் கேட்கிறோம், அடுத்த சோதனை எதற்கு என்பதையெல்லாம் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என்னால் சொல்ல முடியும். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை.

வெள்ளை அணு 18,000 என்று வந்திருக்கிறது. ரத்தப் புற்றுநோயா?

அந்த ஓர் எண்ணை வைத்து யாராலும் சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கும். காய்ச்சல், புண், பல்லில் சீழ், அறுவை சிகிச்சை, கர்ப்பம், ஸ்டீராய்டு மாத்திரை, புகைப்பழக்கம் எல்லாமே அதை ஏற்றிவிடும். மண்ணீரலை எடுத்துவிட்டவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் சற்று உயர்ந்தே நிற்கும்.

காரணம் எதுவும் தெரியாமல் எண்ணிக்கை வாரக்கணக்கில் இறங்காமல் நிற்பது, ஒரே வகை அணு மட்டும் பெருகியிருப்பது, மஜ்ஜைக்குள் வளர்ந்துகொண்டிருக்க வேண்டிய இளம் அணுக்கள் ரத்தத்தில் நடமாடுவது: இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால்தான் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். அதற்கும் அடுத்த சோதனை உண்டே தவிர, அதுவே முடிவாகிவிடாது.

சதவீதத்தைப் பார்ப்பதா, எண்ணிக்கையைப் பார்ப்பதா?

எண்ணிக்கையை. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்ஃபோசைட் 55 சதவீதம் என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மொத்த வெள்ளை அணு 5,200தான் என்றால், அதில் 55 சதவீதம் 2,860. முற்றிலும் இயல்பு. மொத்தம் 18,000 இருந்து லிம்ஃபோசைட் 62 சதவீதம் என்றால் 11,160 வரும். அது கவனிக்க வேண்டிய அளவு. ரிப்போர்ட்டில் 'அப்சல்யூட் கவுன்ட்' என்ற தலைப்பில் இந்தக் கணக்கு இருக்கும். இல்லாவிட்டால் மொத்தத்தைச் சதவீதத்தால் பெருக்கி 100ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஓர் ஆய்வகம் 18,000 என்று அச்சிடும், இன்னொன்று 18.0 என்று அச்சிடும். இரண்டும் ஒன்றுதான், அலகு மட்டும் வேறு. இடம் மாறிப் பரிசோதிக்கும்போது இதனால் வீணாகப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

'நாள்பட்ட' என்றால் என்ன? எத்தனை வகை?

அதிவேக ரத்தப் புற்றுநோயில் முதிராத அணுக்கள் நாள் கணக்கில் பெருகும். நாள்பட்டதில் அணுக்கள் ஓரளவு முதிர்ந்திருக்கும்; மாதங்கள், ஆண்டுகள் என்று மெல்ல ஏறும். அதனால்தான் பலருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாதபோது, வேறு எதற்கோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் இது தட்டுப்படுகிறது.

ஆய்வகத்தில் நாங்கள் முக்கியமாகத் தேடுவது இரண்டை. லிம்ஃபோசைட் வகை அணுக்கள் பெருகுவது சிஎல்எல். நியூட்ரோஃபில், மைலோசைட், பேசோஃபில் என்ற குடும்பம் பெருகுவது சிஎம்எல். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நோயும் வேறு, சோதனையும் வேறு, மருந்தும் வேறு. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது அந்த நடு எழுத்தை இரண்டு தடவை பாருங்கள்.

இவை தவிர, மோனோசைட் பெருகும் வகை ஒன்று உண்டு. அணுக்களின் விளிம்பில் முடி முளைத்ததுபோல் தெரியும் 'ஹேரி செல்' வகையும் உண்டு. இந்த ஹேரி செல் வகையில் வெள்ளை அணு பெரும்பாலும் ஏறாது, குறையும். மோனோசைட் கிட்டத்தட்டக் காணாமல் போயிருக்கும். எண்ணிக்கை ஏறினால்தான் ரத்தப் புற்றுநோய் என்ற எண்ணம் இங்கே பொய்க்கும்.

வெறும் வயிற்றில் வர வேண்டுமா? ஏன் இத்தனை குழாய்?

இந்தச் சோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. கூடவே சர்க்கரையோ கொழுப்போ பார்க்கச் சொல்லியிருந்தால் அதற்காகக் கேட்பார்கள்.

ஊதா மூடிக் குழாயில் இடிடிஏ என்ற உறைவுத் தடுப்பான் இருக்கும். அணு எண்ணிக்கை, ஸ்லைடு, ஃப்ளோ சைட்டோமெட்ரி, பிசிஆர் (இவை என்னவென்று கீழே சொல்கிறேன்) எல்லாம் அதிலிருந்துதான். பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும். அது குரோமோசோம் சோதனைக்கு. அங்கே அணுக்கள் உயிரோடு இருந்து, வளர்ப்புத் திரவத்தில் பிளந்து பெருக வேண்டும். அதற்கு ஹெப்பாரின் ஒத்துப்போகும். அதே ஹெப்பாரின் பிசிஆர் வினையைக் கெடுத்துவிடும். ஆகவே ஒரு குழாயிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஊற்றிச் சமாளிக்கும் வேலையெல்லாம் இங்கே நடக்காது.

ரத்தம் எடுத்த கையோடு குழாயை எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. கலக்காமல் விட்டால் உள்ளே நூல்போல் சின்ன உறைகட்டி பிடிக்கும். தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பொய்யாகக் குறையும், மெஷினும் அடைத்துக்கொள்ளும். "நேற்றுதானே கொடுத்தேன், மறுபடி ஊசியா?" என்று கோபப்படுகிறவர்களிடம் நான் அந்தக் குழாயைச் சாய்த்து உறைகட்டியைக் காட்டிவிடுவேன். பார்த்ததும் புரிந்துகொள்வார்கள்.

வெளியூர் ஆய்வகத்துக்கு மாதிரி போகிறது என்றால் இன்னொரு எச்சரிக்கை: குரோமோசோம் சோதனைக்கான ரத்தத்தை ஐஸில் புதைத்து அனுப்பக் கூடாது. உறைந்தால் அணு செத்துவிடும். செத்த அணு பிளக்காது.

மாதிரி உள்ளே போனதும் முதலில் என்ன நடக்கும்?

மெஷின் சில விநாடிகளில் எண்ணிவிடும். வெள்ளை அணு, சிவப்பணு, ஹீமோகுளோபின், தட்டணு, வெள்ளை அணுக்களின் வகை. சந்தேகம் இருந்தால் மெஷினே எச்சரிக்கைக் குறி போடும்: 'இளம் அணு இருக்கலாம்', 'வித்தியாசமான லிம்ஃபோசைட் இருக்கலாம்' என்று. அது அணுவின் அளவையும் அது ஒளியைச் சிதறடிக்கும் விதத்தையும் வைத்துச் செய்யும் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் ஊகம். இதற்குமேல் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தால் மெஷினுக்கு முன்பே குழாய் சொல்லிவிடும். சாதாரண ரத்தத்தை அசைக்காமல் நிறுத்தி வைத்தால் கீழே சிவப்பு, மேலே மஞ்சள் நீர், நடுவில் காகிதத் தடிமனில் ஒரு வெள்ளைக் கோடு. 2 லட்சம், 3 லட்சம் என்று வெள்ளை அணு ஏறியவர்களின் குழாயில் அந்தக் கோடு தடித்த பட்டையாக நிற்கும். 1845இல் ருடால்ஃப் விர்கோவும் ஜான் ஹியூஸ் பென்னட்டும் தனித்தனியே விவரித்ததும் இப்படிப்பட்ட நோயாளிகளின் ரத்தத்தைத்தான். வெள்ளை ரத்தம் என்று பொருள்படும் 'லுக்கேமியா' என்ற பெயரை விர்கோ 1847இல் வைத்தார்.

மெஷின் எண்ணிய பிறகும் ஸ்லைடு எதற்கு?

என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இது என்பதால் கொஞ்சம் நீட்டித்துச் சொல்கிறேன்.

கண்ணாடித் தகட்டின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம். இன்னொரு தகட்டைச் சாய்வாகப் பிடித்து அந்தச் சொட்டைத் தொட்டதும் ரத்தம் விளிம்பு முழுக்க ஓடிப் பரவும். ஒரே இழுப்பு. தடித்துத் தொடங்கி, நாக்கு நுனிபோல் மெலிந்து முடிய வேண்டும். காய்ந்ததும் லீஷ்மன் சாயம், பிறகு அளவான அமிலத்தன்மை கொண்ட நீர். நிமிடக்கணக்கு தவறினால் எல்லாம் நீலமாகவோ எல்லாம் இளஞ்சிவப்பாகவோ போய்விடும். சரியாக வந்தால் சிவப்பணு இளஞ்சிவப்பு, கரு ஊதா, இயோசினோஃபில் துகள் ஆரஞ்சு, பேசோஃபில் துகள் கருவையே மறைக்கும் கருநீலம்.

ஸ்லைடு புதிதாக இருக்க வேண்டும். இடிடிஏவில் பல மணி நேரம் கிடந்த ரத்தத்தில் அணுவின் கரு சிதைந்து, ஓட்டை விழுந்து, ஆரோக்கியமான அணுவே நோயாளி அணுபோல் தெரியும். மாலையில் எடுத்த ரத்தத்தில் மறுநாள் காலை ஸ்லைடு போட்டு முடிவு சொல்வதை நான் ஏற்பதே இல்லை.

சிஎல்எல் என்றால், லென்ஸ் வழியே சின்னச் சின்ன லிம்ஃபோசைட்டுகள் பார்வை வட்டம் முழுக்க ஒன்றுபோல் நிற்கும். கருவுக்குள் கரும்பட்டைகள் பிரிந்து பிரிந்து, கால்பந்தின் கட்டங்கள்போல் இருக்கும். நடுநடுவே உருத்தெரியாமல் நசுங்கிய ஊதாக் கறைகள். அவைதான் 'ஸ்மட்ஜ் செல்'. இந்த லிம்ஃபோசைட்டுகள் மெல்லியவை. தகட்டை இழுக்கும் இழுப்பில் உடைந்துவிடுகின்றன. ரத்தத்தோடு ஒரு சொட்டு ஆல்புமின் சேர்த்து மறுபடி இழுத்தால் பெரும்பாலும் உடையாமல் முழுசாக நிற்கும். கறை என்று ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் எண்ணினால் லிம்ஃபோசைட் குறைவாகவும் நியூட்ரோஃபில் கூடுதலாகவும் பொய்க்கணக்கு வரும். சிஎல்எல் சந்தேகத்தில் அவற்றையும் லிம்ஃபோசைட்டாகவே எண்ண வேண்டும்.

சிஎம்எல் காட்சி நேர் எதிர். கலவையான கூட்டம். மைலோசைட், மெட்டாமைலோசைட், பேண்ட், முதிர்ந்த நியூட்ரோஃபில் என்று வளர்ச்சியின் எல்லாப் படிகளும் ஒரே பார்வை வட்டத்தில். மஜ்ஜையின் ஸ்லைடைத்தான் மாற்றி வைத்துவிட்டோமோ என்று ஒரு கணம் தோன்றும். அங்கே நான் முதலில் தேடுவது பேசோஃபிலை. கடுமையான நோய்த்தொற்றிலும் இளம் அணுக்கள் ரத்தத்துக்கு வரும். ஆனால் அப்போது நியூட்ரோஃபிலின் துகள்கள் தடித்திருக்கும், பேசோஃபில் பெருகாது. இயல்பில் நூறு வெள்ளை அணுவில் ஒன்றுகூட எட்டாத பேசோஃபில், ஐந்து, எட்டு என்று எதிர்ப்பட்டால் சிஎம்எல் நினைவு வராமல் போகாது.

ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது என்ன சோதனை?

லிம்ஃபோசைட் கூடியவர்களுக்கு அடுத்த படி இதுதான். ஸ்லைடில் எல்லா லிம்ஃபோசைட்டும் கிட்டத்தட்ட ஒரே முகம். வைரஸ் காய்ச்சலில் பெருகியதா, ஒரே தாயணுவிலிருந்து பிறந்த நகல் கூட்டமா என்று முகத்தை மட்டும் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஃப்ளோ அந்த அணு அணிந்திருக்கும் அடையாளங்களைப் படிக்கும்.

அணுவின் மேற்பரப்பில் புரதங்கள் இருக்கின்றன. சிடி5, சிடி19 என்று எண் போட்டு அழைக்கிறோம். ஒவ்வொன்றோடும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தைக் கட்டி ரத்தத்தில் கலப்போம். பிறகு அணுக்கள் ஒற்றை வரிசையில் லேசர் கதிரைக் கடந்து ஓடும். எது எந்த நிறத்தில் மின்னியது என்று மெஷின் பதிந்துகொள்ளும். சில நிமிடங்களில் பல்லாயிரம் அணுக்கள்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, நகலா? லிம்ஃபோசைட்டில் பி, டி என்று வகைகள் உண்டு. பி வகை ஒவ்வொன்றும் கப்பா, லாம்டா என்ற இரண்டு புரதச் சங்கிலிகளில் ஒன்றை மட்டுமே அணியும். ஆரோக்கியமான ரத்தத்தில் கப்பா அணிந்ததும் லாம்டா அணிந்ததும் கலந்தே இருக்கும். எல்லாமே கப்பா, அல்லது எல்லாமே லாம்டா என்று வந்தால் அது ஒரே தாயணுவின் வாரிசுக் கூட்டம்.

இரண்டு, எந்த நோயின் நகல்? சிஎல்எல் அணுக்கள் பி வகையின் சிடி19ஐயும், வழக்கமாக டி வகை அணிகிற சிடி5ஐயும் சேர்த்து அணியும். கூடவே சிடி23, சிடி200 இருக்கும். சிடி20 மங்கலாக இருக்கும். மேன்டில் செல் லிம்ஃபோமா என்ற இன்னொரு நோயும் சிடி5 அணியும். ஆனால் அதில் சிடி23உம் சிடி200உம் பெரும்பாலும் இருக்காது. அந்த நோயின் போக்கு வேறு, சிகிச்சை வேறு. எனவே இந்தப் பிரிவினையில் சந்தேகம் மிஞ்சினால், 11ஆம், 14ஆம் குரோமோசோம் இடமாற்றத்தைத் தேடும் சோதனையையும் சேர்த்துச் செய்வார்கள்.

ஃப்ளோவில் நகல் என்று வந்தது, ஆனால் 'சிஎல்எல் இல்லை' என்கிறாரே மருத்துவர்?

சரியாகத்தான் சொல்கிறார். சிஎல்எல் என்று பெயர் வைக்க, நகல் பி லிம்ஃபோசைட் மைக்ரோலிட்டருக்கு 5,000 அல்லது அதற்கு மேல், குறைந்தது 3 மாதம் நீடிக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்து, நெறிகட்டியோ மண்ணீரல் வீக்கமோ ரத்தசோகையோ இல்லையென்றால் அதற்குப் பெயர் எம்பிஎல். நகல் லிம்ஃபோசைட் இருக்கும் நிலை, அவ்வளவுதான். எண்ணிக்கை சற்று உயர்ந்த எம்பிஎல் உள்ளவர்களிலும், சிகிச்சை தேவைப்படும் சிஎல்எல் ஆக மாறுவது ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் பேருக்குத்தான். அளவு மிகக் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவும் அரிது. அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த 3 மாதக் காத்திருப்பு பலருக்கு வேதனை. ஆனால் அதில் அர்த்தம் இருக்கிறது. தொற்றினால் ஏறியது இந்தக் காலத்துக்குள் இறங்கிவிடும்.

சிஎம்எல் சந்தேகத்துக்கு என்ன சோதனை?

அங்கே கேள்வி ஒன்றே ஒன்று: பிசிஆர்-ஏபிஎல் இருக்கிறதா? (தமிழில் எழுதும்போது ஒரு குழப்பம் வரும். பிசிஆர் என்பது மரபணுவின் பெயராகவும் வரும், சோதனை முறையின் பெயராகவும் வரும். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு வேறு. இங்கே மரபணுவை எப்போதும் 'பிசிஆர்-ஏபிஎல்' என்று சேர்த்தே எழுதுகிறேன்.)

1960இல் பிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், இந்த நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். பிலடெல்ஃபியா குரோமோசோம் என்ற பெயர் நிலைத்தது. அது ஏன் குட்டை என்பதை 1973இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தார்: 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் நுனித் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. அந்த ஒட்டு விழுந்த இடத்தில் இரண்டு மரபணுக்கள் இணைந்து, 'பெருகு, பெருகு' என்று அணுவுக்கு ஓயாமல் கட்டளையிடும் ஒரு புரதத்தை உண்டாக்குகின்றன. 2001இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் மாத்திரை தடுப்பது அந்தப் புரதத்தைத்தான்.

இதைத் தேட மூன்று வழி. குரோமோசோம் வரைபடத்தில், வளர்ப்புத் திரவத்தில் பிளந்துகொண்டிருக்கும் அணுக்களை நடுவழியில் நிறுத்தி, வழக்கமாக 20 அணுக்களின் குரோமோசோம்களை அடுக்கிப் பார்ப்போம். இந்த ஒட்டோடு வேறு கோளாறு ஏதும் சேர்ந்திருக்கிறதா என்பதும் இதில்தான் தெரியும். ஃபிஷ் சோதனையில் இரண்டு மரபணுக்களுக்கும் இரண்டு நிறத்தில் ஒளிரும் துண்டுகளை ஒட்டுவோம். சிவப்பும் பச்சையும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்தால் இயல்பு, ஒட்டி மஞ்சளாகத் தெரிந்தால் இணைப்பு. பிளக்காத அணுவிலும் பார்க்கலாம். பிசிஆர் சோதனை, அந்த இணைப்பிலிருந்து வரும் ஆர்என்ஏவைப் பலமடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கும். மூன்றிலும் கூர்மையானது அதுவே.

20இல் ஒருவர் அளவுக்கு, குரோமோசோம் வரைபடத்தில் பிலடெல்ஃபியா தெரியாது. இணைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒளிந்திருக்கும். ஃபிஷ் அல்லது பிசிஆர் பிடித்துவிடும். எனவே 'குரோமோசோம் நார்மல்' என்ற ஒரு வரியோடு சிஎம்எல்லைத் தள்ளிவைக்கக் கூடாது.

எலும்பு மஜ்ஜை எடுத்தே ஆகவேண்டுமா?

சிஎல்எல் என்றால் பெரும்பாலும் வேண்டாம். ரத்தமும் ஃப்ளோவும் போதும். காரணம் தெரியாத ரத்தசோகையோ தட்டணுக் குறைவோ இருந்தால் கேட்பார்கள்.

சிஎம்எல்லில் நோய் இருக்கிறது என்பதை ரத்தத்திலேயே உறுதி செய்துவிடலாம். ஆனால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இளம் 'பிளாஸ்ட்' அணுக்கள் எத்தனை சதவீதம், கூடுதல் குரோமோசோம் கோளாறு உண்டா என்பதற்குத் தொடக்கத்தில் ஒரு முறை மஜ்ஜை பார்ப்பது வழக்கம். பிளாஸ்ட் 20 சதவீதத்தைத் தொட்டால் நோய் நாள்பட்ட கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், சிகிச்சையே மாறும். அதனால் இந்த ஓர் ஊசியை மறுக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சில ரிசல்ட் அன்றே வருகிறது, சிலது இரண்டு வாரம் ஆகிறதே?

அணு எண்ணிக்கையும் ஸ்லைடும் அன்றே முடியும். ஃப்ளோவுக்கு ஓரிரு நாள். ஃபிஷ், பிசிஆர் சில நாட்கள். குரோமோசோம் வரைபடத்தை அவசரப்படுத்த வழியில்லை. அணு பிளக்கிற வேகத்துக்கு நாங்கள் காத்திருக்க வேண்டும். சிஎல்எல் அணுக்கள் தானாகப் பிளக்கவே மாட்டா. தூண்டும் பொருள் சேர்த்து நாள்கணக்கில் வளர்க்க வேண்டியிருக்கும்.

ரிப்போர்ட் தவறாக வர வாய்ப்பு உண்டா?

உண்டு. வெள்ளை அணு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, யாரும் தவறு செய்யாமலேயே வரும். இதை நோயாளிகளிடம் விளக்குவோர் குறைவு.

பொட்டாசியம் முதலாவது. ஒரு முறை, 3 லட்சத்துக்குமேல் வெள்ளை அணு இருந்த சிஎல்எல் நோயாளி ஒருவரின் பொட்டாசியம் 7ஐத் தாண்டி வந்தது. இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. அவரோ எதிரே நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார். இசிஜியிலும் மாற்றம் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்து, குழாயைக் குலுக்காமல் கையிலேயே கொண்டுவந்து, முழு ரத்தத்தில் உடனே அளக்கும் கருவியில் போட்டோம்: 4.2. முதல் மாதிரியில் அந்த மெல்லிய அணுக்கள் வழியிலும் சுழற்சி மெஷினிலும் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியத்தைக் கொட்டியிருந்தன. ஸ்லைடில் ஸ்மட்ஜ் செல்லாக நசுங்கும் அதே அணுக்கள்தான். அந்த எண்ணை நம்பிப் பொட்டாசியத்தைக் குறைக்கும் ஊசி போட்டிருந்தால் நிஜமாகவே ஆபத்தாகியிருக்கும். காற்றழுத்தக் குழாய் வழியே மாதிரி அனுப்பும் இடங்களில் இது இன்னும் அதிகம்.

சர்க்கரை பொய்யாகக் குறையும். குழாய்க்குள் லட்சக்கணக்கான அணுக்கள் அதைத் தின்றுகொண்டே இருக்கும். ஹீமோகுளோபின் பொய்யாகக் கூடும். வெள்ளை அணுவின் கலங்கலை மெஷின் நிறமாக எடுத்துக்கொள்ளும், ரத்தசோகை மறைந்துபோகும். தட்டணுவும் பொய்யாகக் கூடலாம். உடைந்த வெள்ளை அணுத் துணுக்குகளை மெஷின் தட்டணு என்று எண்ணிவிடும். எனவே வேறு எந்த ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தாலும், "எனக்கு வெள்ளை அணு மிக அதிகம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் எங்களுக்குப் பெரிய உதவி.

சிஎல்எல் உறுதியான பிறகும் ஃபிஷ், ஐஜிஎச்வி, டிபி53 என்று ஏன்?

நோயின் போக்கையும் பொருத்தமான மருந்தையும் தெரிந்துகொள்ள. 13ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு துண்டு மட்டும் இல்லை என்றால் நோய் பெரும்பாலும் மெதுவாகப் போகும். பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் காணப்படும் கோளாறும் அதுதான். 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் துண்டு போயிருந்தால், அல்லது அங்கேயுள்ள டிபி53 மரபணு கெட்டிருந்தால், பழைய கீமோதெரபி சரியாக வேலை செய்யாது. இலக்கு மருந்துகள் பக்கம் போக வேண்டும். இந்தக் கோளாறுகள் பின்னாளில் புதிதாகவும் முளைக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறை சிகிச்சை தொடங்கும்முன்னும் பார்ப்பார்கள்.

ஐஜிஎச்வி பற்றி ஒரு வார்த்தை. பி லிம்ஃபோசைட் எதிர்ப்பொருள் உண்டாக்கப் பயன்படுத்தும் மரபணு அது. ரிப்போர்ட்டில் 'மியூட்டேஷன் உள்ளது' என்று இருந்தால் பலர் கலங்கிவிடுகிறார்கள். இங்கே அது நல்ல செய்தி. மூல மரபணுவோடு ஒற்றுமை 98 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மாற்றம் உள்ளது என்று பொருள். அவர்களுக்கு நோய் மெதுவாகப் போகும். இந்தச் சோதனை ஆயுளில் ஒரு முறை போதும், மாறாது.

பலருக்கு நோய் உறுதியானாலும் மருந்து உடனே தொடங்க மாட்டார்கள். தொந்தரவில்லாத சிஎல்எல்லை முன்கூட்டியே மருந்து கொடுத்துத் துரத்துவதால் ஆயுள் கூடுவதாகத் தெரியவில்லை. மருத்துவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

சிஎம்எல் மாத்திரை சாப்பிடுகிறேன். பிசிஆரில் 0.1 சதவீதம் என்றால்?

நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். சர்வதேச அளவுகோலில், சிகிச்சைக்கு முன் இருக்கும் பொது அடிப்படையை 100 என்று வைத்தால், 0.1 என்பது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்ததைக் காட்டும். 3ஆம் மாதம் 10 சதவீதத்துக்குள், 6ஆம் மாதம் 1 சதவீதத்துக்குள், 12ஆம் மாதம் 0.1க்குள் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. இந்த 100 உங்களுடைய முதல் நாள் அளவு கிடையாது. எனவே முதல் ரிப்போர்ட்டில் 100க்கு மேலும் வரலாம்.

முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். 0.02 இருந்தது 0.04 ஆகிவிட்டது என்று பதற வேண்டாம்; அந்த அளவு ஏற்ற இறக்கம் சோதனையிலேயே உண்டு. தொடர்ந்து ஏறினால், முதலில் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். விடாமல் சாப்பிட்டும் ஏறுகிறது என்றால்தான், மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் உண்டா என்று தேடும் சோதனைக்கு ரத்தம் எங்களிடம் வரும்.

எனக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் வருமா? அவர்களுக்கும் சோதிக்கலாமா?

சிஎம்எல் பரம்பரையாக வருவதில்லை. சிஎல்எல் உள்ளவரின் நெருங்கிய ரத்த உறவினருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. தொந்தரவில்லாத பிள்ளைகளுக்கு ஃப்ளோ எடுத்துப் பார்ப்பதால் பயம்தான் மிஞ்சும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மூச்சுத்திணறல், பார்வை மங்கல், குழப்பமான பேச்சு, நிற்காத ரத்தக்கசிவு, குளிரோடு காய்ச்சல், வேகமாக வளரும் நெறிகட்டி, இடது விலாவின் கீழே தாங்க முடியாத வலி. இவற்றில் எது இருந்தாலும் ரிப்போர்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்லைடில் பிளாஸ்ட் அதிகம் தெரிந்தால் நாங்களும் காத்திருக்க மாட்டோம். அச்சாகும்முன் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

பழைய ரிப்போர்ட்கள். வேறு எதற்கோ எடுத்ததாக இருந்தாலும் சரி: கண் அறுவைக்கு முன் எடுத்தது, வேலையில் சேரும்போது எடுத்தது, காய்ச்சலுக்கு எடுத்தது. அவற்றில் லிம்ஃபோசைட் எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு முன் 4,100, மூன்று ஆண்டுக்கு முன் 6,000, இப்போது 9,000 என்று ஒருவருடைய பழைய பையிலிருந்து வெளிவந்தால், அது எங்கள் எந்த மெஷினும் தராத தகவல். நேற்று தொடங்கியதா, எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயரையும் அதே தாளின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். ஸ்டீராய்டு இருந்தால் அதை முதல் வரியில்.